பதிலில் ஓடிய பேருந்து

எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று ஒரு பட்டியல் கிடைக்குமா என எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். வெளிநாட்டில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு இந்த மாதிரி ஆசைகள் வரும். நான் பேரவைச் செயலகத்தில் கேள்விப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அப்படி ஒரு பட்டியல் கிடையாது என்று எழுதினேன். ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க என்று பேரவைத் தலைவர் சொல்வார். இரண்டு பக்கமும் சத்தம் எழும். எது பெரிய சத்தம் என்பது அவர் காதுக்குத் தெரியும். தீர்மானம் நிறைவேறிவிடும். எண்ணித்தான் ஆகவேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால்தான் யார் எந்தப் பக்கம் என்பது ஏட்டில் ஏறும். அநேகமாக யாரும் பிடிப்பதில்லை. ஆகவே நம் உறுப்பினர் இத்தனை காலம் என்ன சொன்னார் என்பது கூட்டத்தோடு கலந்துபோன குரல்.

"கேள்வி கேட்டதாவது பதிவாகுமா சார்?" என்று அடுத்த செய்தி வந்தது.

ஆகும். கேள்வியும் அச்சாகும், அமைச்சரின் பதிலும் அச்சாகும். அதை எழுதிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். உறுப்பினரின் பெயரில் அச்சாகியிருக்கும் கேள்விகளில் பலவற்றை எழுதியது நான். அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஓய்வு பெற்ற அரசு ஊழியனுக்குப் பெரும்பாலும் இரண்டு தொழில்கள் மிஞ்சும். காலை நடையின்போது நாட்டைத் திட்டுவது ஒன்று. அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுப்பது இன்னொன்று. இரண்டையும் நான் சிரத்தையாகச் செய்துகொண்டிருந்தபோது உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். தென் மாவட்டத்திலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக் கடை வைத்து, அதிலிருந்து அரசியலுக்கு வந்தவர் அவர். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் படிப்பவர்களில் பாதிப் பேர், மீதியைப் படிக்காமலே தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள்.

"எனக்குப் பேச வரும் சார், எழுத வராது. நீங்க எழுதித் தாங்க. கையெழுத்த மட்டும் நான் போட்டுக்கிடுதேன்" என்றார். நல்ல காப்பி கொடுத்தார். நானும் எழுத ஆரம்பித்தேன். மழைநீர் வடிகால், நூலகக் கட்டடம், மெட்ரோவுக்காகத் தோண்டி மாதக்கணக்கில் மூடாமல் கிடக்கும் சாலை என்று எங்கள் தொகுதியின் குறைகள் எல்லாம் என் மேசையில் (அ), (ஆ), (இ) என்று வரிசையில் நின்றன.

எங்கள் வீட்டில் வேலை செய்பவள் அடையாற்றங்கரையில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே பிள்ளை பெற்றவள். ஆற்றைச் சுத்தம் செய்தபோது கரையில் இருந்தவர்களையும் சேர்த்து எடுத்து, நகரத்துக்குத் தெற்கே வெகு தூரத்தில் வரிசையாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். வீட்டை மாற்றுவதற்கு அரசாணை இருந்தது. வேலையை மாற்றுவதற்கு எந்த ஆணையும் இல்லை. அவள் கணவன் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்த பிறகு வீட்டோடு இருக்கிறான். அதனால் அவள் தினமும் விடியும் முன் கிளம்பி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தாள்.

வருவது லேசான காரியம் இல்லை. அங்கே இருக்கும் பெண்கள் சேர்ந்து ஒரு வேன் பேசி வைத்திருந்தார்கள். அது திருவான்மியூர் பேருந்து நிலையம் வரைதான். அதில் ஒவ்வொருத்திக்கும் ஒரு இடம் உண்டு. ஒருத்தி விட்டால் அந்த இடத்துக்குக் காத்திருக்கும் இன்னொருத்தி உடனே உட்கார்ந்துவிடுவாள். இவள் திருவான்மியூரில் இறங்கி, அடையாறில் ஒரு வீட்டு வேலையை முடித்துவிட்டு, பிறகு மந்தைவெளிக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள். எங்களுக்குப் பிறகு இரண்டாவது மாடி வீடு.

அந்த மாடி வீட்டில்தான் விஷயம் தொடங்கியது. அங்கே ஒரு வயதான அம்மாள் படுக்கையில் விழுந்தார். மருமகள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள்; மகன் மாதத்தில் பாதி நாள் வெளியூர். மருமகள் ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே பேசினாள்.

"அம்மாவுக்கு இவ கை பழகிடுத்து மாமா. வேற யாரையும் தொட விடமாட்டேங்கறா. ஆனா நான் ஆறே காலுக்கு ஆத்தை விட்டுக் கெளம்பியாகணும். இவ ஆறு மணிக்கு வந்து மத்தியானம் வரைக்கும் பாத்துண்டா நல்ல சம்பளமாவே தரேன். முடியலேன்னா ஏஜென்சில ஆள் போட்டுண்டுடுவேன். எனக்கு வேற வழியில்லை."

இவளுக்கு அந்த வேலை வேண்டும். மூன்று வீட்டுப் பாத்திரம் தேய்ப்பதைவிட அதில் அதிகம் வரும், உடம்புக்கும் கொஞ்சம் ஓய்வு. மறுநாள் தரை துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"காலங்காத்தால ஒரே ஒரு பஸ்ஸு நேரா மந்தவெளிக்கு வுட்டா போதும் சார். பொம்பளைங்களுக்கு ஓசி வேற. ஏறி குந்திகினா இங்க வந்து எறங்கிடுவேன். அதுக்கு இன்னா பண்ணணும்?"

"கேள்வி கேக்கணும்" என்றேன்.

"யார?"

"மந்திரியை."

"நானா?"

"எம்.எல்.ஏ. கேப்பார். நான் எழுதிக் குடுப்பேன்."

துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நீதான் சார் எம்மெல்லே. அந்தாளு சும்மா வேட்டி கட்டிகினு போய்ட்டு வர்றாரு."

"இவரா?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "பாத்ரூம் பல்பு போய் ஒரு வாரமாச்சு. முதல்ல அதுக்கு ஒரு கேள்வி எழுதிப் போடச் சொல்லு."

பேரவையில் கேட்கும் கேள்வியில் இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்டது ஒன்று. அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்லவேண்டும். சொன்ன பிறகு உறுப்பினர் துணைக் கேள்வி போட்டுக் குடையலாம். ஆனால் அந்த வகையில் பத்தோடு பதினொன்றாக நம் கேள்வி வரிசையில் நிற்கும். எந்தத் தொடரில் அழைப்பார்கள் என்று ஜோசியர்கூடச் சொல்ல முடியாது. மற்றது குறியில்லாதது. எழுத்தில் பதில் வரும், மேசையில் வைப்பார்கள், அவ்வளவுதான். குடைய வழியில்லை, ஆனால் பதில் வந்துவிடும். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

அதற்கு வேறு காரணமும் இருந்தது. பணியில் இருந்த காலம் முழுக்க ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கேள்வி துறைக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே ஒரு பரபரப்பு ஏற்படும். 'மருத்துவர் இல்லை என்பதை அரசு அறியுமா' என்று கேட்டால், அறியும் என்று எழுத எந்த அதிகாரிக்கும் கை வராது. அதைவிட ஒரு மருத்துவரைப் போட்டுவிட்டு, பணியில் உள்ளார் என்று எழுதுவது எளிது. குளத்தில் ஆகாயத்தாமரை இருக்கிறதா என்று கேட்ட கேள்வியால் குளங்கள் சுத்தமாகியிருக்கின்றன. பதில் நல்லதாக இருக்கவேண்டும் என்பதற்காகவே நிலைமையை நல்லதாக்கும் அரசு நம்முடையது. அதில் தவறு காண நான் அப்போது தயாராக இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. ஓர் உறுப்பினர் தன் தொகுதியைப் பற்றித்தான் கேட்பார். அடுத்தவர் தொகுதியில் மூக்கை நுழைப்பது மரியாதையில்லை. விதியில் இப்படி எங்கும் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது. விதியைவிட வழக்கத்துக்குத்தான் அங்கே எலும்பு அதிகம். பேருந்து கிளம்பும் இடம் வேறொருவர் தொகுதி. ஆனால் வந்து சேரும் இடம் மந்தைவெளி. ஆகவே அதைப் பிடித்துக்கொண்டேன். '(அ) மேற்படி குடியிருப்பிலிருந்து மந்தைவெளிக்கு அதிகாலையில் நேரடிப் பேருந்து ஏதும் இயக்கப்படவில்லை என்பதை அரசு அறியுமா? (ஆ) ஆம் எனில், அவ்வாறு இயக்க அரசு முன்வருமா?' உறுப்பினர் கையெழுத்துப் போட்டார்.

சில வாரங்கள் கழித்து ஒருநாள் எங்கள் கதவு ஆறு மணிக்கு முன்பே தட்டப்பட்டது. வெளியே அவள் நின்றாள். தலையில் பூ.

"சார், பஸ்ஸு வந்துச்சு சார்! போர்டுல மந்தவெளின்னு எழுதிகீது! நானே கண்டக்டர கேட்டேன், நைனா இது நெசமா மந்தவெளி போவுதான்னு. ஏறும்மான்ட்டாரு!"

அன்று என் மனைவி அவளுக்கு என்னைக் கேட்காமலே என் பங்குப் பொங்கலை எடுத்து வைத்தாள். எனக்கு அதில் வருத்தமில்லை. பணியில் இருந்தபோது நான் கையாண்ட கேள்விகளில் எதுவும் இப்படிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றதில்லை.

அவள் அடையாறு வீட்டை விட்டாள். வேனில் தன் இடத்தை விட்டாள். மாடி வீட்டில் ஆறு மணி வேலையை ஏற்றுக்கொண்டாள். தான் மாறியதோடு நிற்கவில்லை. வேனில் உடன் வந்த மூன்று பெண்களையும் பேருந்துக்கு மாற்றினாள். அவர்களுக்கும் மயிலாப்பூர்ப் பக்கம்தான் வேலை. அரசாங்கப் பேருந்து இன்றைக்கு வரும், நாளைக்கு வராது என்று அவர்கள் தயங்கியபோது, "எங்க சாரு அசெம்பிளில கேட்டு வந்த பஸ்ஸு, எவனாலயும் நிறுத்த முடியாது" என்று சொல்லியிருக்கிறாள். இதை அவளே என்னிடம் பெருமையாகச் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

பதில் மேசையில் வைக்கப்பட்டது. '(அ) மேற்படி வழித்தடத்தில் அதிகாலையில் பேருந்து இயக்கப்பட்டு வருகிறது. (ஆ) இக்கேள்வி எழவில்லை.' உறுப்பினர் எனக்குத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார். அந்த வாரமே மந்தைவெளி மார்க்கெட் பக்கம் அவர் படத்தோடு ஒரு பதாகை தொங்கியது: மக்களுக்கு அதிகாலைப் பேருந்து பெற்றுத் தந்த மாண்புமிகு இன்னார்.

கூட்டத்தொடர் முடிந்தது. அதற்கு அடுத்த வாரம் பேருந்து நின்றுபோனது.

முதல் நாள் அவள் எட்டு மணிக்கு மேல் வந்தாள். வண்டி ரிப்பேராக இருக்கும் என்றேன். இரண்டாம் நாளும் அப்படியே. மாடி வீட்டு மருமகள் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் நான் போக்குவரத்துத் துறையில் எனக்குத் தெரிந்த ஓர் அதிகாரியைக் கூப்பிட்டேன். கேள்விப் பிரிவில் என் கீழ் உதவியாளராக வேலை கற்றுவிட்டு அங்கே போனவர். இப்போது பெரிய நாற்காலி.

"சார், பதில்ல தப்பு இருக்கா?" என்றார்.

"பஸ் ஓடலையே."

"பதில் வச்ச அன்னிக்கு ஓடிச்சு சார். வண்டி நம்பரோட ரிப்போர்ட் இருக்கு. டிப்போல ஒரு ஸ்பேர் வண்டி இருந்துச்சு, விட்டாங்க. இப்ப அது வேற ரூட்டுக்கு வேணும்னு எடுத்துட்டாங்க. தொடர்ந்து இயக்கப்படும்னு நாங்க எங்கேயும் சொல்லலையே." கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நீங்கதான சார் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க, கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை எழுதக்கூடாதுன்னு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

சொல்லிக் கொடுத்தது நான்தான். வேறு வழி தேடினேன். அமைச்சர் தவறான பதில் தந்தால் திருத்த அறிக்கை வைக்க நடைமுறை இருக்கிறது. ஆனால் இந்தப் பதில் தவறில்லை. அதே கேள்வியைத் திரும்பக் கேட்கலாமா என்றால், பதிலளிக்கப்பட்ட கேள்வியை அனுமதிக்கக்கூடாது. அந்தக் காரணத்தைச் சிவப்பு மையில் எழுதி நானே எத்தனையோ கேள்விகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வார்த்தையை மாற்றி, தொடர்ந்து இயக்கப்படாததன் காரணம் என்ன என்று கேட்டால் நுழைந்துவிடும். அதை எழுதிக்கொண்டு உறுப்பினரிடம் போனேன்.

படித்துவிட்டு மேசையில் வைத்தார். வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"பெற்றுத் தந்தேன்னு போர்டு வச்சிருக்கேன் சார். இப்ப பஸ் ஏன் இல்லன்னு நானே எப்படிக் கேப்பேன்? ஊர் சிரிக்கும்லா?"

"போர்டை எடுத்துடலாமே."

"எடுத்தா ஏன் எடுத்தான்னு கேப்பான்." பிறகு, குரலில் உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்: "அந்த அம்மாவுக்கு நான் வேற எதாவது செய்யட்டுமா? நம்ம கடையில ஒரு வேலை போட்டுத் தரட்டா? கடை திறக்கது பத்து மணிக்குத்தான்."

அவர் கெட்டவர் இல்லை. ஜவுளிக் கடைக்காரர், ஒரு புடவை சரியில்லை என்றால் இன்னொன்றை எடுத்துப் போடுகிறார்.

குடியிருப்பு இருக்கும் தொகுதியின் உறுப்பினர் அலுவலகத்துக்கும் போனேன். அங்கே உதவியாளர் ஒரே கேள்விதான் கேட்டார். "அந்தம்மாவுக்கு ஓட்டு எங்க கீது?"

மந்தைவெளியில். இடம் மாற்றப்பட்டவர்களில் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆற்றங்கரை முகவரியில் வீடு இல்லை, ஓட்டு மட்டும் இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால் ஊரோடு உள்ள கடைசிச் சரடும் அறுந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அதிகாரிகள் சரிபார்க்க வரும்போதெல்லாம் தெரிந்த கடைக்காரர் யாராவது அவர்களுக்காகப் பேசி வைக்கிறார்.

"அப்ப அங்கயே கேளுங்க சார்" என்றார் உதவியாளர். "எங்காளு எதுக்கு கேக்கணும்?"

வீட்டுக்கு வந்து அவளிடம் இதை எல்லாம் முடிந்தவரை விளக்கினேன். கடை வேலையைச் சொன்னதும், ராத்திரி கடை மூடி எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருவது, கணவனை யார் பார்ப்பது என்று அதை ஒதுக்கிவிட்டாள். அவள் பாத்திரத்தில் கண்ணாக இருந்தாள்.

"அந்த மந்திரிக்கு துட்டு குடுக்க மாட்டோம்னு சொல்ல முடியாதா சார்? பஸ்ஸு வுட்டாத்தான் குடுப்போம்னு?"

"சொல்லலாம். அதுக்கு வெட்டுத் தீர்மானம்னு ஒண்ணு இருக்கு."

"நம்மாளு சொன்னாரா?"

"அந்தத் துறைக்குப் பணம் கேட்ட அன்னிக்கு ஆம்னு சொல்லியிருப்பார்."

"சொன்னாரா, சொல்லியிருப்பாரா?"

"அது தெரியாது. எல்லாரும் சேர்ந்து சொல்றதுதானே."

"கோயில்ல கோவிந்தா போடறாப்ல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, என் மனைவி சிரிக்கவில்லை.

அதற்குள் மாடி வீட்டு மருமகள் பொறுமையின் எல்லைக்கு வந்திருந்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. "இந்த வாரம் முழுக்கப் பாத்துட்டேன் மாமா. நாளைக்கு ஒரு நாள். நாளைக்கும் ஆறு மணிக்கு வரலேன்னா நான் ஏஜென்சிக்குப் போன் பண்ணிடுவேன்" என்றாள். அடையாறு வீட்டில் ஏற்கெனவே வேறு ஆள் வந்துவிட்டாள். வேனில் இவள் இடத்திலும். எங்கள் வீட்டு வேலை ஒன்றுக்காக அவ்வளவு தூரம் வந்து போவது கட்டுபடியாகாது. அதாவது அந்த மாடி வீடு போனால் அவளுக்கு எல்லாமே போகிறது.

"போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் என் மனைவி அன்று மாலை. "இத்தனை நாள் காகிதத்துல பாத்தது போதும். கார் வச்சுண்டு போனா நாளைக்கு அவளையாவது கூட்டிண்டு வரலாம்."

விடியும் முன் ஒரு வாடகைக் கார் பிடித்துப் போனேன். பேருந்து வராததை என் கண்ணால் பார்த்ததாக ஒரு புகார் எழுதலாம் என்பதும் மனதில் இருந்தது, பழக்கம் போகாது. குடியிருப்பின் வாயிலில் ஒரு நிழற்குடை. அதன் கீழே பத்துப் பதினைந்து பெண்கள். கார் நின்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா தாத்தா, வழி தெரியலயா?" என்றாள் ஒருத்தி.

"அது நம்ம ஓனரம்மாவோட சாருடி" என்றாள் இன்னொருத்தி. "கேள்வி கேட்டு பஸ்ஸு வாங்கினாரே, அவுரு."

"அப்டியா? வா தாத்தா, வா. வண்டிய எங்க வுட்ட?"

நிழற்குடை முழுக்கச் சிரித்தது. அவளுக்கு அங்கே பஸ் ஓனரம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் கொஞ்சம் தள்ளி வேனின் பக்கத்தில் நின்று ஓட்டுநரிடம் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். வேன் நிரம்பியிருந்தது. அது கிளம்பிப் போனது. அவள் திரும்பியபோது என்னைப் பார்த்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இங்க இன்னாத்துக்கு சார் வந்த?"

"கார்ல ஏறு. ஆறுக்குள்ள போயிடலாம்."

காரைப் பார்த்தாள். நிழற்குடையைப் பார்த்தாள். அங்கே மூன்று பெண்கள் சிரிக்காமல் நின்றிருந்தார்கள். அவர்கள் யார் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"ஏய், வாங்கடி" என்று கூப்பிட்டாள். பின் கதவைத் திறந்தாள். "ஏறுங்க. மந்தவெளி போவுது."

"நீ?" என்றாள் ஒருத்தி.

"நீ ஏறு மொதல்ல."

மூவரும் பின்னால் ஏறினார்கள். நாலாவதாக ஒருவரை ஏற்றினால் போலீஸ் பிடிப்பான் என்று டிரைவர் கறாராகச் சொல்லிவிட்டான். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியை இறக்கினேன்.

"இன்னிக்குத்தான் கடைசி நாள், தெரியுமில்ல?"

"தெரியும் சார். இவங்க என் பேச்ச கேட்டு வேன வுட்டவங்க. இன்னிக்கு இவங்க வூட்லயும் கடைசி நாளா கீதோ இன்னாவோ, யாரு கண்டா?"

"நான் இறங்கிக்கறேன். நீ முன்னாடி வா."

"நீ இங்க நின்னுகினு இன்னா பண்ணுவ? பஸ்ஸுக்கு வெயிட் பண்ணுவியா?"

மறுபடியும் நிழற்குடையில் சிரிப்பு. இந்த முறை அவளும் சிரித்தாள். நான் கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்தேன். இன்னும் ஒரு முறை சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பாள். அதற்குள் அவள் காரின் கூரையை இரண்டு தட்டுத் தட்டினாள், பேருந்து நடத்துநர் தட்டுவதுபோல. டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான்.

சதுப்பு நிலத்தைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒருத்தி, "ஏசிய கொஞ்சம் கொறைக்க சொல்லு தாத்தா, குளிருது" என்றாள். திருவான்மியூரில் சிக்னலில் நின்றபோது அவர்களுக்குள் அவளைப் பற்றிப் பேச்சு வந்தது. நேற்று வரை அவளோடு பேச்சு வார்த்தை இல்லையாம். "ஏத்தி வுட்டுட்டா பாரு, பெரிய இவ" என்றாள் ஒருத்தி. சொன்ன விதத்தில் கோபம் இருந்ததா வேறு ஏதாவது இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மந்தைவெளியில் இறங்கி ஆளுக்கொரு தெருவில் ஓடினார்கள். மணி ஆறு ஆகியிருக்கவில்லை.

எங்கள் வாசலில் மாடி வீட்டு மருமகள் தோளில் பையோடு நின்றிருந்தாள். என் மனைவி சொல்லியிருக்க வேண்டும். காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அவ உங்களோட வரலியா மாமா?"

"வர்றா" என்றேன்.

"எப்போ?"

அவள் அங்கேயே நின்றபடி ஏஜென்சிக்குப் போன் பண்ணினாள். இன்றைக்கே அனுப்ப முடியுமா என்று கேட்டாள். முடியுமாம், எட்டு மணிக்குள். "அதுவரைக்கும் நான் அம்மா பக்கத்துல உக்காந்துக்கறேன், நீ போம்மா" என்றேன். நம்பிக்கையில்லாமல் பார்த்தாள். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

அந்த அம்மாள் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். என்னை அடையாளம் தெரிய நேரமாயிற்று.

"அவ எங்கே?" என்றார்.

"வந்துண்டிருக்கா மாமி."

"அவ வந்தப்பறம் காபி குடிக்கறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை புரண்டு படுக்க முயன்றார். முடியவில்லை. நான் எழுந்து அருகில் போனேன். எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஏஜென்சியிலிருந்து வந்த பெண் சின்னவள், நீலச் சீருடை. அவள் வந்து சற்று நேரத்துக்குப் பிறகுதான் இவள் படியேறி வந்தாள். புடவை வியர்வையில் நனைந்திருந்தது. கதவுக்கு அருகில் நின்று சீருடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து கட்டிலுக்கு மறுபக்கம் போனாள்.

"தோள புடிச்சி இழுக்காதம்மா, வலிக்கும் அவுங்களுக்கு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். "இடுப்புக்குக் கீழ கை குடு. இப்டி. இப்ப மெதுவா உன் பக்கமா சாய்ச்சிக்கோ."

அந்த அம்மாள் கண்ணைத் திறந்து, "வந்துட்டியா?" என்றார்.

"வந்துட்டேன் பாட்டி" என்றாள். காபி கலக்கி, டம்ளரில் ஆற்றி, தலையைத் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். சீருடைப் பெண் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காலி டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் அந்த அம்மாளின் வாயைத் துடைத்துவிட்டு, இவள் படியிறங்கி எங்கள் வீட்டுப் பாத்திரங்களைத் தேய்க்கப் போனாள்.